வீட்டில் செய்த ஐஆர் ஹெட் டிராக்கர்: மாலை ஆனால் காக்பிட் பேயாட்டம் போடுகிறது

குட்டிவிமானி | சனி, இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக இதோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோய் இங்கே வந்திருக்கிறேன்.

ஃபிளைட்கியர் என்ற விமான சிமுலேட்டர் ஓட்டுகிறேன். ஊர் கோவை, அதனால் பழகுவதும் கோவை விமான நிலையத்தில்தான், 23 ஓடுபாதை. இடப்பக்கச் சுற்றில் வந்து கடைசித் திருப்பத்துக்கு முன்னால் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால்தான் ஓடுபாதை கண்ணில் படும். அதை மவுஸில் செய்ய மூன்று கை வேண்டும். தலை திரும்புவதைக் கேமராவில் பார்த்துக் காக்பிட் காட்சியையும் திருப்பும் ஹெட் டிராக்கர் கடையில் விற்கிறது, எனக்குக் கட்டுப்படியாகாது என்று நானே செய்தேன்.

கேமரா பழைய பிஎஸ்3 ஐ, பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த வெப்கேம். லென்ஸுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஐஆர் (அகச்சிவப்பு) தடுப்புக் கண்ணாடியைப் பெயர்த்தேன் (பாதி பொடியாக வந்தது, ஊதி ஊதி எடுத்தேன்). அதன் இடத்தில், சாதாரண வெளிச்சத்தை மறிக்க, அப்பா அம்மா கல்யாண நெகட்டிவின் கறுத்த நுனி, இரண்டு மடிப்பு. கேமரா பார்ப்பதற்கு ஐஆர் எல்இடி மூன்று: இரண்டு பழைய டிவி ரிமோட்டில் இருந்து கழற்றியவை, ஒன்று கடையில் வாங்கியது. மூன்றையும் பேரலலாக (பக்கம் பக்கமாக) இணைத்து முன்னால் ஒரே ஒரு 47 ஓம் ரெசிஸ்டர். கரண்ட் யூஎஸ்பி ஒயரில் இருந்து. ஐஸ் குச்சியில் கிளிப் செய்து ஹெட்போனின் இடப்பக்கம் மாட்டியிருக்கிறேன். மென்பொருள் ஓபன்ட்ராக், அதில் புள்ளிகளைப் பின்தொடரும் பாயின்ட் டிராக்கர், நடுக்கத்தைக் குறைக்கும் அக்செலா ஃபில்டர்.

நேராகப் பார்த்து மெல்ல ஆட்டினால் அருமையாக இருக்கிறது. ஆனால் 30 டிகிரி திருப்பினால் காட்சி அப்படியே உறைந்து, அப்புறம் எதிர்ப்பக்கம் பாய்கிறது. இடப்பக்கம் இன்னும் மோசம். இது முதல் சிக்கல்.

இரண்டாவது, பகலில் திரைச்சீலை போட்டால் ஒழுங்காக இருப்பது மாலை ஆறேகாலுக்கு மேல் பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது. எட்டரை வாக்கில் தானே சரியாகிவிடுகிறது. அமாவாசை பௌர்ணமி எல்லாம் பார்த்துவிட்டேன், சம்பந்தமில்லை.

மூன்றாவது, தலையை மட்டும்தான் திருப்புகிறேன், ஆனால் காக்பிட்டில் நான் நகர்ந்துபோய் பக்கத்துச் சீட்டுக்காரர் மடியில் உட்கார்ந்துவிடுகிறேன்.

கர்வ் (தலை எவ்வளவு திரும்பினால் காட்சி எவ்வளவு திரும்பும் என்பது), ஸ்மூத்திங் (அசைவை மென்மையாக்குவது), டெட்ஸோன் (சின்ன அசைவைக் கண்டுகொள்ளாமல் விடுவது) எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. உதவுங்கள்.

---

லாரிக்காரன்_ஈரோடு | சனி, இரவு 10.05

தம்பி, ஸ்மூத்திங்கை நன்றாக ஏற்றிவிடு. நான் யூரோ டிரக் சிமுலேட்டர் 2-க்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன். சைடு கண்ணாடியைப் பார்க்க, ரவுண்டானாவில் எட்டிப் பார்க்க அது போதும்.

மாலைச் சிக்கல் வோல்டேஜாக இருக்கும். எங்கள் பக்கம் ஆறு மணிக்கு மேல் ஃபேனே நடந்துதான் போகும். எல்இடி மங்குகிறதோ என்னவோ.

---

சால்டர்_மாமா | ஞாயிறு, காலை 6.10

லாரி, உன் மேல் எனக்குப் பிரியம் உண்டு, ஆனாலும் இரண்டும் தப்பு. வீட்டு லைன் 230-ல் இருந்து 190-க்கு இறங்கினாலும் கம்ப்யூட்டர் சப்ளை யூஎஸ்பிக்கு அதே 5 வோல்ட்டைத்தான் கொடுக்கும். ஃபேன் நடக்கும், எல்இடி நடக்காது. ஸ்மூத்திங் என்பது புண்ணுக்கு மேல் பவுடர் போடுகிற வேலை. புள்ளியே காணாமல் போகும்போது எதை வைத்து மென்மையாக்குவது?

குட்டி, நீ கர்வைத் தொடாதே. ஃபில்டரைத் தொடாதே. ஓபன்ட்ராக்கில் கேமரா படம் சின்னதாக ஒரு கட்டத்தில் தெரியும் இல்லையா, அதைத்தான் நீ இரண்டு வாரமாகப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். எனக்கு மூன்று படம் வேண்டும்: நேராக உட்கார்ந்து ஒன்று, தலை திரும்பிக் காட்சி உறையும் நொடியில் ஒன்று, மாலை ஆட்டத்தின்போது ஒன்று. படத்தின் வெளிச்சத்தைக் கேமரா தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ எக்ஸ்போஷரையும் ஆட்டோ கெய்னையும் நிறுத்திவிட்டு எடு. எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொண்டே வா. முகம் முழுக்க இருட்டாகி மூன்று வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்ச வேண்டும்.

இன்னொன்று. அந்த 47 ஓம் ரெசிஸ்டரை விரலால் தொட்டுப் பார்.

---

குட்டிவிமானி | ஞாயிறு, காலை 11.30

தொட்டேன் மாமா. சுட்டுவிட்டது! விரலில் கோடு.

முதல் இரண்டு படம் இணைத்திருக்கிறேன். நேராக இருக்கும்போது இரண்டு புள்ளி பளிச்சென்று இருக்கிறது, மூன்றாவது (கடையில் வாங்கியது, கிளிப்பின் நடுவில் இருப்பது) மினுக்கட்டாம்பூச்சி அளவுக்குத்தான் தெரிகிறது. திரும்பும்போது எடுத்ததில் ஒரே ஒரு புள்ளிதான் மிச்சம். மாலைப் படம் மாலையில்.

---

சால்டர்_மாமா | ஞாயிறு, பிற்பகல் 12.15

சுடாமல் என்ன செய்யும். கணக்குப் போடு. 5 வோல்ட்டில் எல்இடி 1.3 எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 3.7 வோல்ட் ரெசிஸ்டர் தலையில். 47 ஓமில் 3.7 என்றால் சுமார் 79 மில்லி ஆம்பியர். பெருக்கினால் 0.29 வாட். நீ போட்டிருப்பது கால் வாட் ரெசிஸ்டர், பாவம்.

அந்த 79-ஐ மூன்று எல்இடியும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும் என்று நினைத்தாய். போடாது. பேரலலில் எந்த எல்இடிக்குக் குறைந்த வோல்ட் போதுமோ அது அள்ளிக்கொள்ளும், மற்றது பட்டினி.

---

ஒளியியல்_டீச்சர் | ஞாயிறு, பிற்பகல் 1.40

மாமா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கடையில் வாங்கிய எல்இடியை இருட்டில் உற்றுப் பார்க்கும்போது இலேசாகச் செம்மை தெரிந்ததா? தெரிந்திருந்தால் அது 850 நானோமீட்டர் அலைநீளம், சிசிடிவி கேமராக்களில் வருவது. ரிமோட்டில் இருப்பது பெரும்பாலும் 940, அது கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியாது. 850 எல்இடி எரிய 940-ஐ விடக் கொஞ்சம் கூடுதல் வோல்ட் வேண்டும். இரண்டையும் பேரலலில் கட்டினால் ரிமோட் எல்இடிகள் இரண்டும் கரண்டைக் குடித்துவிடும், கடை எல்இடி அழுதுகொண்டு நிற்கும். உங்கள் படத்தில் நடுப்புள்ளி மங்கியது அதனால்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சிலிக்கான் சென்சாருக்கு 940-ஐ விட 850 நன்றாகத் தெரியும். உங்கள் மூன்றில் நல்ல எல்இடியைத்தான் பட்டினி போட்டிருக்கிறீர்கள்.

நெகட்டிவ் விஷயம்: கலர் நெகட்டிவ் என்பதால் தப்பித்தீர்கள். கலர் ஃபிலிமின் சாயங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறித்து அகச்சிவப்பை விட்டுவிடும். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இருப்பது வெள்ளித் துகள், அது எல்லாவற்றையும் மறிக்கும். என் மாணவன் ஒருவன் தாத்தாவின் கறுப்பு வெள்ளை நெகட்டிவை வெட்டி வைத்துவிட்டு, கேமரா செத்துவிட்டது என்று ஒரு வாரம் துக்கம் காத்தான். ஃபிலிம் கிடைக்காதவர்கள் பழைய ஃபிளாப்பிக்குள் இருக்கும் கறுப்பு வட்டத்தை வெட்டி வைக்கலாம், நன்றாகவே வேலை செய்யும்.

---

வடமராட்சி_கனடா | ஞாயிறு, மாலை 5.20

ஓம் தம்பி, எனக்கும் இதே கரைச்சல் இருந்தது. ரிமோட்டில் வருகிற எல்இடி ஒரு டோர்ச் மாதிரி, நேர் முன்னுக்கு மட்டும் அடிக்கும். அதன் தலையில் இருக்கிற குமிழ்தான் லென்ஸ், ஒளியைக் குவித்துவிடும். நீங்கள் 30 பாகை திரும்பினால் அந்தக் கதிர் கமராவை விட்டு விலகிவிடும். புள்ளி செத்துப்போகும். டிராக்கர் மிச்சம் இருக்கிற ஒன்றையோ இரண்டையோ வைத்து என்ன செய்யும்?

உப்புத்தாளை எடுத்து எல்இடியின் தலையைத் தட்டையாகத் தேயுங்கோ. குமிழ் போய்விட்டால் ஒளி பரவும். பளபளப்பாக்க வேண்டாம், சொரசொரப்பாகவே விடுங்கோ. உள்ளே இருக்கிற மெல்லிய தங்கக் கம்பி தட்டுப்படுமட்டும் தேய்க்க வேண்டாம். நான் முதலாவதைத் தேய்த்துத் தேய்த்து அந்தக் கம்பியையே அறுத்தனான்.

மாலைப் பிரச்சினைக்கு: எனக்குப் பின்னால் ஒரு ரூம் ஹீட்டர் இருந்தது. கம்பிச் சுருள் சிவப்பாக எரிகிற வகை. பனிக்காலத்தில் மட்டும் டிராக்கர் விசர் பிடித்த மாதிரி ஆடும். கோவையில் ஹீட்டர் இருக்காது, ஆனால் பின்னுக்கு என்ன இருக்குது என்று பாருங்கோ.

---

லாரிக்காரன்_ஈரோடு | ஞாயிறு, மாலை 5.45

பின்னால் பீரோக் கண்ணாடி இருக்கிறதா? என் அறையில் காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து பீரோக் கண்ணாடியில் பட்டு நேரே கேமராவுக்குள் போகும். துண்டைத் தொங்கவிட்டேன், தீர்ந்தது.

---

குட்டிவிமானி | ஞாயிறு, இரவு 7.05

மாலைப் படம் இதோ. ஆட்டம் இப்போது உச்சத்தில் இருக்கிறது.

எண்ணிப் பாருங்கள், நான்கு புள்ளி! மூன்று என்னுடையது. நான்காவது வலத் தோளுக்கு மேலே, சின்னதாக. வீடியோவில் பார்த்தால் அது சும்மா இல்லை, ஆடிக்கொண்டே இருக்கிறது. பீரோ அந்தப் பக்கம் இல்லை. டியூப்லைட்டை அணைத்துப் பார்த்தேன், போகவில்லை.

---

ஒளியியல்_டீச்சர் | ஞாயிறு, இரவு 7.12

டியூப்லைட்டும் எல்இடி பல்பும் அகச்சிவப்பை அதிகம் கக்காது. குண்டு பல்பு கக்கும், வெயில் கக்கும், நெருப்பு கக்கும். ஆடுகிறது என்கிறீர்கள். அந்த மூலையில் சாமி படம் இருக்கிறதா?

---

குட்டிவிமானி | ஞாயிறு, இரவு 7.20

டீச்சர்!!

கதவு திறந்திருந்தால் என் நாற்காலிக்குப் பின்னால் ஹாலில் பூஜை அலமாரி நேராகத் தெரியும். அம்மா தினமும் ஆறேகாலுக்குக் குத்துவிளக்கு ஏற்றுவார். எண்ணெய் எட்டு, எட்டரைக்குத் தீரும். கதவைச் சாத்தினேன், நான்காவது புள்ளி போயே போய்விட்டது. திறந்தேன், வந்துவிட்டது. மூன்று முறை செய்தேன். "கதவோடு என்ன சண்டை?" என்று கேட்டார்கள்.

இப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. வெள்ளிக்கிழமைதான் மிக மோசமாக இருக்கும். வெள்ளிக்கிழமை ஐந்து முகமும் ஏற்றுவார்.

---

சால்டர்_மாமா | ஞாயிறு, இரவு 8.02

நாற்பது வருடம் கருவி பழுது பார்த்திருக்கிறேன், இந்த மாதிரி ஒரு பழுது வந்ததில்லை. இருந்தாலும் புதிது ஒன்றுமில்லை. நின்டெண்டோ வீ என்று ஒரு கேம் மெஷின் இருந்தது. டிவிக்கு மேல் வைக்கும் 'சென்சார் பார்' என்பதில் சென்சாரே கிடையாது, வெறும் ஐஆர் எல்இடிதான். சென்சார் கையில் பிடிக்கும் ரிமோட்டுக்குள் இருந்தது. பார் உடைந்துபோனவர்கள் டிவிக்கு முன்னால் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி விளையாடினார்கள், நன்றாகவே ஓடியது. 2007 கடைசியில் ஜானி லீ என்பவர் அந்த ரிமோட்டையே திருப்பி வைத்து, எல்இடி இரண்டைக் கண்ணாடியில் மாட்டி ஹெட் டிராக்கிங் செய்து காட்டினார். வீட்டில் இந்த வேலை செய்கிற பல பேருக்கு ஆசை பிறந்ததே அந்த வீடியோவில்தான்.

ஆக உன் கேமரா சரியாகத்தான் வேலை செய்கிறது. அம்மா ஏற்றிய விளக்கையும் உன் தலையின் ஒரு பாகமாக நினைத்துக்கொள்கிறது.

---

லாரிக்காரன்_ஈரோடு | ஞாயிறு, இரவு 8.10

விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லலாமே?

---

குட்டிவிமானி | ஞாயிறு, இரவு 8.31

சொன்னேன். "விளக்கு அங்கேதான் இருக்கும், உன் கேமராவைத் திருப்பு" என்றார். கதவைச் சாத்தினால் அறையில் காற்று இல்லை.

திரெஷோல்டை (எவ்வளவு பிரகாசம் இருந்தால் புள்ளி என்று எடுக்கும் வரம்பு) ஏற்றினால் சுடருக்கு முன்னால் என் நடு எல்இடிதான் மறைகிறது. பெரிய புள்ளி, சின்னப் புள்ளி அளவு வரம்பிலும் முயன்றேன். அந்தத் தூரத்தில் சுடரும் எல்இடியும் ஒரே அளவாகத் தெரிகின்றன.

---

வடமராட்சி_கனடா | ஞாயிறு, இரவு 9.00

அம்மா சொன்னதுதான் சரி. உங்கள் கமராவின் லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், சிவப்புப் புள்ளி ஒன்று, நீலப் புள்ளி ஒன்று. எதில் இருக்குது?

---

குட்டிவிமானி | ஞாயிறு, இரவு 9.04

நீலம். அதைச் சுற்றலாம் என்பதே தெரியாது.

---

வடமராட்சி_கனடா | ஞாயிறு, இரவு 9.11

நீலம் என்றால் 75 பாகை அகலம், ஹோல் முழுக்கத் தெரியும். சிவப்புக்குத் திருப்பினால் 56. உங்கள் தலைக்கு அது தாராளம். கமராவையும் மொனிட்டருக்கு மேலே ஏற்றிக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துவிடுங்கோ, பின்னுக்கு நிலம்தான் தெரியும். அதே படத்தில் உங்கள் மூன்று புள்ளியும் பெரிதாகும், அதனால் நடுக்கமும் குறையும். படம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். தடுப்புக் கண்ணாடியை எடுத்தால் ஃபோகஸ் விலகும்தான். புள்ளி கொஞ்சம் ஊதியிருந்தால் அதன் மையத்தை டிராக்கர் இன்னும் துல்லியமாகக் கணக்கிடும்.

---

சால்டர்_மாமா | திங்கள், காலை 6.25

சரி, இனி எல்இடி. ரிமோட் எல்இடியைத் தூக்கிப் போடு. ஒரே வகையில் மூன்று வாங்கு. கேட்டால் கிடைக்கிற இடத்தில் எஸ்எஃப்எச் 485பி என்று கேள். தலை தட்டையானது, பக்கத்துக்கு 40 டிகிரி வரை நன்றாகத் தெரியும், உப்புத்தாள் வேலையே இல்லை. டிஎஸ்ஏஎல் 6400 என்றால் பக்கத்துக்கு 25 டிகிரி, 940. அதைத் தேய்த்துக்கொள்ளலாம். இரண்டும் இல்லை என்றால் 850-ல் 5 மி.மீ. எது கிடைத்தாலும் சரி, மூன்றும் ஒரே பொட்டலத்தில் இருந்து வர வேண்டும்.

கட்டுவது சீரியஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக. ஒருவனின் குட்டைக்கால் அடுத்தவனின் நெட்டைக்காலோடு. ஒரே கரண்ட் மூவர் வழியாகவும் போயாக வேண்டும், ஏமாற்ற வழியில்லை. 940 என்றால் மூன்றும் சேர்ந்து 3.9 வோல்ட் குடிக்கும், மிச்சம் 1.1, 22 ஓம் போட்டால் 50 மில்லி ஆம்பியர். 850 என்றால் மூன்றுக்கும் 4.3 வாக்கில் போய்விடும், 15 ஓம் போடு. ரெசிஸ்டர் இனி சுடாது. போட்டதும் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்து வோல்ட் பார்த்து ஓமால் வகு, அதுதான் உன் கரண்ட். ஊகம் வேண்டாம்.

எரிகிறதா என்று பார்க்க ஃபோனின் செல்ஃபி கேமராவில் காட்டு. பல ஃபோன்களில் பின் கேமராவில் ஐஆர் தடுப்பு கெட்டியாக இருக்கும், ஒன்றும் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு எல்இடி அவுட் என்று குப்பையில் போட்ட பிள்ளைகள் உண்டு.

---

புதுசுங்க | திங்கள், காலை 9.50

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த ஐஆர் கண்ணுக்கு ஆபத்து இல்லையா? இப்போதெல்லாம் சாதாரண வெப்கேமை வைத்தே முகத்தைக் கண்டுபிடிக்கும் வசதி ஓபன்ட்ராக்கில் இருக்கிறதே, எதற்கு இவ்வளவு பாடு?

---

ஒளியியல்_டீச்சர் | திங்கள், பிற்பகல் 12.30

நல்ல கேள்வி. கிளிப்பில் இருக்கும் எல்இடி உங்கள் கண்ணைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்க்கிறது. 50 மில்லி ஆம்பியரில் எரியும் சின்ன எல்இடி, அதுவும் தலையைத் தேய்த்துப் பரவவிட்டது. இந்தப் பயன்பாட்டில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எரிகிறதா என்று பார்க்கக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உற்றுப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். வெளிச்சம் தெரிந்தால் கண்மணி சுருங்கும். அகச்சிவப்பு தெரியாது, சுருங்காது. அதிலும் கேமராவுக்குப் பக்கத்தில் பெரிய ஐஆர் விளக்கு வரிசையை வைத்து முகத்தில் அடித்து, தொப்பியில் ஒளிதிருப்பும் ஸ்டிக்கர் ஒட்டும் முறைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

முகத்தைப் பார்க்கும் முறை நன்றாகவே இருக்கிறது. அதற்கு முகத்தில் வெளிச்சம் வேண்டும், பிராசஸருக்கும் வேலை அதிகம். இருட்டு அறையில் பழைய கம்ப்யூட்டரில் ஓட்டுகிறவருக்கு மூன்று புள்ளியே சுகம்.

---

குட்டிவிமானி | வியாழன், இரவு 10.15

இடைவெளிக்கு மன்னிக்கவும், எல்இடி வந்து சேர நாளாகிவிட்டது. 485பி கிடைக்கவில்லை. 850, 5 மி.மீ., ஆறு வாங்கினேன். ஒன்றின் தலையைத் தேய்த்துக் கம்பியை அறுத்தாயிற்று (கனடா அண்ணை, எச்சரித்தும்!). இரண்டாவதில் இருந்து சூட்சுமம் புரிந்தது: உப்புத்தாளை மேஜையில் வைத்து, எல்இடியைத் தலைகீழாகப் பிடித்து எட்டு போட்டுத் தேய்க்க வேண்டும். குமிழின் வளைவு முடிகிற இடத்தில் நிறுத்த வேண்டும்.

சீரியஸ், 15 ஓம். யூஎஸ்பி 4.9 காட்டியது, ரெசிஸ்டரில் 0.6 வோல்ட், ஆக 40 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டர் ஜில்லென்று இருக்கிறது. லென்ஸ் சிவப்புக்கு மாறியது, கேமரா மேலே ஏறிக் குனிந்தது. இன்று விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே ஓட்டினேன். மூன்றே புள்ளி! 50 டிகிரி திரும்பியும் மூன்றும் உயிரோடு இருக்கின்றன.

ஆனால் பக்கத்துச் சீட்டு மடி விவகாரம் அப்படியே இருக்கிறது. புதிதாக இன்னொன்று: நேராகப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்போது சில சமயம் காட்சி டக்கென்று மேலிருந்து கீழே தாவிவிட்டுத் திரும்பி வருகிறது. ஃபிரேமும் 60-ல் இருந்து அவ்வப்போது 40-க்கு இறங்குகிறது.

---

வடமராட்சி_கனடா | வியாழன், இரவு 10.40

ஃபிரேமுக்கு முதலில். கமரா ஜாய்ஸ்டிக்கோடு சேர்ந்து ஒரே ஹப்பில் குத்தியிருக்குதா? 640×480, ஒரு புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 60 படம் என்றால் கிட்டத்தட்ட 37 மெகாபைட். யூஎஸ்பி 2 நடைமுறையில் தாங்குவதே ஏறக்குறைய அவ்வளவுதான். தனியாக நேரே கம்ப்யூட்டரில் குத்துங்கோ.

---

ஒளியியல்_டீச்சர் | வெள்ளி, காலை 7.15

தாவுவதைப் பற்றி நான் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த இடம்.

நோட்டில் ஒரு பெட்டியைக் கோட்டுப் படமாக வரைந்துவிட்டு உற்றுப் பாருங்கள். ஒரு கணம் மேலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கும், மறுகணம் கீழிருந்து பார்க்கிற மாதிரி மாறும். கோடுகள் அசையவில்லை. இரண்டு பெட்டிக்கும் அதே கோடுதான். டிராக்கருக்கும் அதே மயக்கம். மூன்று புள்ளி எப்போதும் ஒரே தளத்தில்தான் இருக்கும். தட்டையான படத்தில் இருந்து அந்தத் தளம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும்போது இரண்டு விடை வரும். 1995-ல் டிமென்தனும் டேவிஸும் 'பாசிட்' என்ற கணக்கு முறையை வெளியிட்டார்கள். ஒரே தளத்தில் உள்ள புள்ளிகளுக்கு என்று அடுத்த வருடம் ஓபர்காம்ப்ஃபோடு சேர்ந்து விரித்தார்கள். பாயின்ட் டிராக்கருக்கு அடிப்படை அதுதான். இரண்டு விடையில் எது சரி என்று தேர்ந்தெடுக்க, நீங்கள் கொடுத்த கிளிப் அளவுகள் நிஜத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் தப்பான விடையும் நல்ல விடை மாதிரியே தெரியும்.

மாடல் அளவுகளை எப்படி எடுத்தீர்கள்?

---

குட்டிவிமானி | வெள்ளி, காலை 8.05

ஸ்கேல் வைத்து குச்சியின் ஓரத்தில் இருந்து ஓரத்துக்கு. நடு எல்இடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியின் முழு நீளம் 60 மி.மீ., அதையே போட்டேன்.

---

சால்டர்_மாமா | வெள்ளி, காலை 8.30

அதானே பார்த்தேன். குச்சியின் நீளம் யாருக்கு வேண்டும்? எல்இடியின் மையத்தில் இருந்து எல்இடியின் மையத்துக்கு எடு. சாய்ந்த குச்சியின் மேல் அளக்காதே. உயரம் தனி, ஆழம் தனி, இரண்டையும் செங்குத்தாக அள. கிளிப்பைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் படுக்கவைத்து, எல்இடி இருக்கும் இடத்தில் பென்சில் புள்ளி வைத்துக் கட்டத்தை எண்ணு. ஸ்கேலை விட அதுதான் பத்திரம்.

கேமராவை மேலே ஏற்றியிருக்கிறாய், அதுவே பாதி மயக்கத்தைத் தீர்க்கும். கிளிப் கேமராவைத் துல்லியமாக நேருக்கு நேர் பார்க்காமல் கொஞ்சம் சாய்வாகத் தெரிவதுதான் நல்லது.

மடி விவகாரம்: கழுத்துதான் திரும்புகிறது, கிளிப் காதுப் பக்கம் தொங்குகிறது. இரண்டுக்கும் இடையே 10 செ.மீ. என்று வை. நீ 30 டிகிரி திருப்பினால் கிளிப் 5 செ.மீ. வரை இடம்பெயரும். டிராக்கருக்கு உன் கழுத்து எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, அது நீ எழுந்து நகர்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறது. ஓபன்ட்ராக்கில் கிளிப் அளவு கொடுக்கும் 'மாடல்' பக்கத்தில் கேலிபிரேஷன் பொத்தான் இருக்கும். அளவு திருத்திய பிறகு அதை அழுத்தி, உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் இடம் வலமாகவும் மேலும் கீழுமாகவும் மெதுவாகத் திருப்பு. கரகாட்டம் ஆடுவதாக நினைத்துக்கொள், சொம்பு விழக்கூடாது. மறுபடி அழுத்தி நிறுத்து.

---

லாரிக்காரன்_ஈரோடு | வெள்ளி, காலை 9.20

இதைப் படித்துவிட்டு நானும் கேலிபிரேஷன் போட்டேன். ஒரு வருடமாக லாரியில் தலையைத் திருப்பினால் ஜன்னல் கம்பிக்குள் மூக்கு போய்க்கொண்டிருந்தது. கேமில் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்மூத்திங்கையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

---

குட்டிவிமானி | வெள்ளி, இரவு 9.50

வெள்ளிக்கிழமை. ஐந்து முகமும் எரிந்தது. கதவு திறந்திருந்தது.

நோட்டில் அளந்ததில் ஆழம் 60 இல்லை, 47. உயரமும் 4 மி.மீ. தப்பு. எண்களைத் திருத்தியதும் தாவல் நின்றுவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஒரு முறைகூட வரவில்லை. கேலிபிரேஷனுக்குப் பிறகு என் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஹப்பில் இருந்து கேமராவை எடுத்ததும் ஃபிரேம் 60-ல் நிற்கிறது. அக்செலா ஸ்மூத்திங்கைப் பழைய அளவில் மூன்றில் ஒரு பங்காக்கிவிட்டேன், அதற்கு இப்போது வேலையே இல்லை. கர்வில் நிஜத் தலை 40 டிகிரிக்குக் காக்பிட் தலை 140 என்று வைத்திருக்கிறேன், நடுவில் கொஞ்சம் மந்தமாக.

23-க்கு இடப்பக்கச் சுற்றில் வந்தேன். தோளுக்கு மேல் பார்த்தேன். ஓடுபாதை அங்கேயே இருந்தது, பாயாமல், உறையாமல். அதையே பார்த்துக்கொண்டு வேகத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். இறங்கிய வேகத்தில் முன் சக்கரம் தனியாகப் போய்விட்டது.

---

சால்டர்_மாமா | சனி, காலை 6.05

அதற்கு ரெசிஸ்டர் கிடையாது. கிளிப்பின் ஒயரை ஹெட்போன் ஒயரோடு சேர்த்துக் கட்டினாயா? இல்லை என்றால் அடுத்த வாரம் சால்டர் விட்டுப்போய் வந்து நிற்பாய்.

---

குட்டிவிமானி | சனி, காலை 9.30

கட்டவில்லை. நூல் தேடிக்கொண்டிருக்கிறேன்.